எழுத்து வருத்தனம்: இருவர் ஆடிய செவியாடல்

தமிழ் இலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் பலர், சித்திரகவியைப் பற்றிக் கூறுமிடத்து ஒரே வகைத் தீர்ப்பினை வழங்கிச் செல்வர். அது புலமை விளையாட்டு. உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் இடந்தராது சொல்லை வருத்திச் செய்யும் கைவினை. பிற்காலத்தார் பொழுதுபோக்கு என்பதே அத்தீர்ப்பு. யாமும் முதுகலை வகுப்பில் அணியிலக்கணம் கற்பித்த தொடக்க ஆண்டுகளில் இக்கருத்தையே கூறி, சொல்லணியியலின் இறுதிப் பகுதியை ஓரிரு மணி நேரத்தில் முடித்து வந்தோம். விளையாட்டு என்று கூறிய யாம், அஃது எத்தகைய விளையாட்டு, எத்துணைப் பேர் ஆடுவது, கண்ணால் ஆடுவதா செவியால் ஆடுவதா என்ற வினாக்களை எழுப்பினோமில்லை. அவ்வினாக்களுள் ஒன்றற்கேனும் விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது எழுத்து வருத்தனம் என்பது. அதனோடு இணைத்து நோக்கத்தக்கன அக்கரச்சுதகமும் வினாவுத்தரமும் ஆம். வருத்தனம் என்னும் சொல் வருத்தம் என்பதனோடு தொடர்புடையதன்று. வளர்தல் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. ஒரு சொல்லின்மேல் எழுத்தினை ஒவ்வொன்றாகக் கூட்ட, ஒவ்வொரு நிலையிலும் வேறொரு சொல் பிறப்பது எழுத்து வருத்தனம். எழுத்தினை ஒவ்வொன்றாக நீக்க, ஒவ்வொரு நிலையிலும் பொருளுடைய சொல் எஞ்சுவது அக்கரச்சுதகம். பல வினாக்களுக்குரிய விடைகள் தம்முள் புணர்ந்து இறுதி வினாவிற்குரிய ஒரு விடையாவது வினாவுத்தரம்.

கண்ணுக்குரியனவும் செவிக்குரியனவும்

12ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்பெறும் தண்டியலங்காரம் சொல்லணியியலில் பன்னிரு வகை மிறைக்கவிகளைக் கூறுகின்றது. கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் என்பன அவை. யாப்பருங்கல விருத்தியில் காணப்பெறும் பட்டியலிலும் எழுத்து வருத்தனமும் வினாவுத்தரமும் இடம் பெற்றுள்ளன. 16ஆம் நூற்றாண்டினதாகிய மாறனலங்காரம் இவற்றை மேலும் விரித்து, இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடும் நிரோட்டியம் முதலியவற்றையும் உடன் சேர்க்கின்றது.

இவ்வகைகள் யாவும் சித்திரகவி என்னும் ஒரே பெயரின்கீழ் அடக்கப்பட்டமையே பிற்காலத்தார் மயக்கத்திற்குக் காரணமாயிற்று என்பது எம் கருத்து. நாகபந்தமும் சக்கரமும் கோமூத்திரியும் வரைந்து காட்டினாலன்றி விளங்கா. பாம்பின் உடலிலும் ஆரக்காலிலும் எழுத்துகள் சந்திக்குமிடத்தைக் கண்ணே காணுதல் வேண்டும். சித்திரம் என்னும் பெயர் இவற்றிற்கு மிகப் பொருந்தும். ஆனால் நிரோட்டியத்தைக் காண்பதற்குக் கண் வேண்டா. பாடுவோன் இதழும் கேட்போன் செவியுமே போதும். அங்ஙனமே எழுத்து வருத்தனத்திலும் வினாவுத்தரத்திலும் வரைதற்குரிய வடிவம் யாதொன்றும் இல்லை. எனவே இத்தொகுதியுள் கண்ணுக்குரிய குடும்பம் ஒன்றும் செவிக்குரிய குடும்பம் ஒன்றும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன என்று கொள்வதே பொருத்தமாகும். முன்னதற்குச் சொன்ன குறையைப் பின்னதற்கும் ஏற்றிச் சொல்லுதல் முறையன்று.

அவைக்களத்து விளையாட்டு

செவிக்குரிய இக்குடும்பம் கூடியிருந்தோர் பேசி ஆடிய விளையாட்டாக இருந்தமைக்கு வடமொழி நூல்களில் தெளிவான சான்றுகள் உள. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் விளங்கிய பாணபட்டர் தம் காதம்பரியின் தொடக்கத்தில், சூத்திரகன் என்னும் மன்னன் பொழுதுபோக்கிய முறைகளைக் கூறுகின்றார். அவற்றுள் எழுத்து நீக்கி ஆடுவதும், மாத்திரை நீக்கி ஆடுவதும், புள்ளிகளை மட்டும் தந்து செய்யுளைக் கண்டுபிடிக்கச் செய்வதும், விடுகதையும் எண்ணப்படுகின்றன. காவியாதரிசம் இயற்றிய தண்டியாசிரியர் விடுகதை வகைகளைப் பதினாறாகப் பகுத்துக் கூறுமிடத்து அவற்றின் பயனையும் உரைக்கின்றார். கூடி மகிழும் அவையில் விளையாடுதற்கும், பலர் நடுவே தமக்குள் மறைவாகப் பேசுதற்கும், பிறரை மயக்குதற்கும் அவை பயன்படும் என்பது அவர் கூற்றின் சாரம். வாத்சியாயனர் கூறும் அறுபத்து நான்கு கலைகளுள் ஒன்றாகிய பிரதிமாலை, ஒருவர் கூறிய செய்யுளின் இறுதி எழுத்தைக் கொண்டு மற்றவர் செய்யுள் தொடங்கும் போட்டியாகும். இதனையே பிற்காலத்தார் அந்தாக்கரி என்பர். இலங்கை வானொலி வழியாகத் தமிழர் இல்லந்தோறும் அறிமுகமான பாட்டுக்குப் பாட்டு, எழுத்தொன்றைப் பற்றிக்கொண்டு பாடத் தொடங்கும் வகையால் இதன் இனத்தைச் சார்ந்ததே.

தமிழில் விடுகதையின் தொன்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. தொல்காப்பியர் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பின் எழுநிலம் வகுத்த இடத்துப் பிசிக்கு இடம் தந்துள்ளார். ஆயின் அவர் கூறும் பிசி, ஒப்புமையாலும் குறிப்பாலும் ஒரு பொருளை உணர்த்துவதேயன்றி எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடுவதன்று. ஆதலின் எழுத்து வருத்தனத்தைச் சங்க காலத்திற்கோ தொல்காப்பியர் காலத்திற்கோ உரியதெனக் காட்ட யாம் முயலவில்லை. அங்ஙனம் முயல்வது சான்றின்றிப் பழமை பாராட்டுவதாகவே முடியும்.

வினவுவோரும் விடுப்போரும்

தண்டியலங்காரத்து எடுத்துக்காட்டுச் செய்யுட்களை இனி நோக்குவோம். எழுத்து வருத்தனத்திற்குரிய செய்யுளில் மறைந்து நிற்கும் சொற்கள் நான்கு: கம், நகம், கநகம், கோகநகம். இவை முறையே தலை, மலை, பொன், தாமரை என்னும் பொருளன. அக்கரச்சுதகத்திற்குரிய செய்யுளில் வரும் சொற்கள் மூன்று: கநகாரி, நகாரி, காரி. இவை முறையே நரசிங்கரையும் முருகனையும் ஐயனாரையும் குறிப்பன. வினாவுத்தரத்திற்குரிய செய்யுளில் திருமகளைக் குறிக்கும் திரு, போவானை ஏவும் ஏகு, கணையைக் குறிக்கும் அம்பு, அழகைக் குறிக்கும் அம் என்னும் நான்கு விடைகளும் சேர்ந்து திருவேகம்பம் என்னும் திருக்கோயிற் பெயராகின்றன.

இம்மூன்று செய்யுட்களுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. குறிப்புகள் முன்னர் நிரலே கூறப்படுகின்றன. விடை இறுதியில் வைக்கப்படுகின்றது. எழுத்து வருத்தனச் செய்யுளில் மட்டும் விடைச்சொற்களின் பொருளே இறுதியில் தரப்பட்டுள்ளது. சொற்களைக் கேட்போரே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். படமாக வரையப்படும் பந்தங்களில் இவ்வமைப்பு இல்லை. வினாவும் விடையும் ஒரே செய்யுளில் அடுத்தடுத்து நிற்றல், இருவர் உரையாடலை ஒருவர் வாயில் அடக்கிக் கூறியதனை ஒக்கின்றது. ஆடி முடித்த ஆட்டத்தைப் பின்னர் வெண்பாவிலோ விருத்தத்திலோ பதிவு செய்த நிலை இஃது எனக் கருதினால், வினவுவோர் ஒருவரும் விடுப்போர் ஒருவரும் இச்செய்யுட்களுக்குப் பின்னே நிற்றலைக் காணலாம்.

இக்கருத்தை வலியுறுத்தச் செய்யுளின் அமைப்பு மட்டும் போதாது. எழுத்து என்பது இவ்விளையாட்டில் எதனைக் குறிக்கின்றது என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஒலியே எழுத்து

திருவேகம்பம் என்னும் விடையை எடுத்துக்கொள்வோம். திரு என்பதன் இறுதி உகரம் முற்றியலுகரம். ஆதலின் வருமொழி முதலில் உயிர் நிற்ப, அது கெடாது வகர உடம்படுமெய் பெற்றுத் திருவேகு என்றாகின்றது. ஏகு என்பதன் இறுதி நெடில்தொடர்க் குற்றியலுகரம். அம்பு என்பதன் இறுதி மென்தொடர்க் குற்றியலுகரம். ஆதலின் இவ்விரண்டும் உயிர்வரத் தம் உகரம் கெட்டு, நின்ற மெய்யின்மேல் வந்த உயிர் ஏறுகின்றது. ஒரு சிறு விளையாட்டினுள் உகரத்தின் இருவேறு இயல்புகளும் அடங்கியிருத்தல் வியப்புக்குரியது. இக்காலத்து எழுத்து வடிவில் முற்றியலுகரத்திற்கும் குற்றியலுகரத்திற்கும் வேறு குறி இல்லை. ஒரு மாத்திரைக்கும் அரை மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியே அறியும். நான்கு சொற்களையும் தனித்தனியே எழுதி வைத்துப் பார்ப்பவனுக்குத் திருவேகம்பம் தோன்றுதல் அரிது. விரைந்து சேர்த்துக் கூறுபவனுக்கு அது நாவில் தானே வந்து நிற்கும்.

ஓலைச்சுவடியின் எழுத்துமுறையும் இதற்குத் துணை நிற்கின்றது. ஓலை கிழியும் என்னும் அச்சத்தால் சுவடி எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. அதனால் மெய்யும் அகரமேறிய மெய்யும் வடிவால் ஒன்றாயின. எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டு வேறுபடுத்துதல் தொல்காப்பியர் கூறிய முறை. அப்புள்ளியும் சுவடியில் விடப்பட்டமையின் எடு, ஏடு என்னும் இரண்டும், தொடு, தோடு என்னும் இரண்டும் ஓலையில் ஒரே வடிவின. வீரமாமுனிவர் (1680–1747) செய்த சீர்திருத்தத்தின் பயனாகவே இவ்வேறுபாடு எழுத்தில் நிலைபெற்றது. ஒரு நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் காணும் மாத்திரைச் சுருக்கம் என்னும் ஆட்டமும் தமிழில் உண்டு. தோடு என்பதில் ஒரு மாத்திரை குறையத் தொடு என்றாதல் அதற்கு எடுத்துக்காட்டாகும். இதனை அக்கால ஓலையில் எழுதிக் காட்ட முயன்றால் இரு சொல்லும் ஒன்றாகவே தோன்றும், ஆட்டமே நிகழாது. வாயாற் கூறினால் மட்டுமே அது நிகழும்.

ஏன் முன்னே கூட்டினர்?

இனி எழுத்து வருத்தனத்தின் உள்ளமைப்பை நோக்குவோம். கம் என்பதன் முன் நகரமும், நகம் என்பதன் முன் ககரமும், கநகம் என்பதன் முன் கோ என்னும் எழுத்தும் கூட்டப்பட்டன. அக்கரச்சுதகத்திலும் முதலெழுத்தே நீக்கப்படுகின்றது. வளர்தலும் தேய்தலும் சொல்லின் தலைப்பகுதியிலேயே நிகழ்கின்றன. கடைப்பகுதி மாறாது நிற்கின்றது. இது தற்செயலானதா என்பதே வினா.

எழுதும்போது சொல்லின் இறுதியில் எழுத்தைச் சேர்ப்பதே எளிது. இடமிருந்து வலமாக எழுதுபவன் கை தானே இறுதியில் வந்து நிற்கும். அவ்வாறிருந்தும் தலைப்பகுதியில் கூட்டியதற்கு மூன்று காரணங்களை யாம் காண்கின்றோம். மூன்றும் தமிழ் ஒலியியல்பையும் சொல்லியல்பையும் பற்றியன.

முதலாவது, கூறுதற்கு எளிமை. தமிழில் உயிரும் உயிர்மெய்யுமே மொழிக்கு முதலாகும், தனிமெய் முதலாகாது. ஆகவே தலையில் கூட்டும் எழுத்து எப்பொழுதும் தனித்து ஒலிக்கத்தக்கதாகவே இருக்கும். இறுதியில் கூட்டினால் இவ்வுறுதி இல்லை. கட என்பது கடவு ஆகிப் பின் கடவுள் ஆகும்பொழுது இறுதியிற் கூட்டப்படுவது தனி ளகர மெய். இதனை ஒருவர் வாயால் எங்ஙனம் கூறுவார்? மெய்யின் இயக்கம் அகரத்தோடு பொருந்துவது என்பது தொல்காப்பிய மரபு. அதன்படி ள என்று கூறினால் கேட்போர் உயிர்மெய் என மயங்குவர். இள் என்று கூறினால் இகரம் ஒன்று மிகும். எழுதுவோர்க்கு இவ்விடர்ப்பாடு இல்லை. ஒரு புள்ளியால் அது தீரும். பேசி ஆடுவோர்க்கே இஃது இடர். தண்டியலங்காரத்து இரு செய்யுட்களிலும் ஓரிடத்தேனும் தனிமெய் கூட்டப்படவோ நீக்கப்படவோ இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இரண்டாவது, வழக்குக்கு இடமின்மை. தமிழ் பின்னொட்டுகளால் இயங்கும் மொழி. வேற்றுமையுருபும் விகுதியும் இடைநிலையும் சொல்லின் பின்னரே வரும். சுட்டும் வினாவுமாகிய சிலவே முன்னர் வருவன. ஆகவே இறுதியில் எழுத்துக் கூட்ட இசைந்தால், புதுச்சொல் காணாமலேயே உருபினைச் சேர்த்து வென்றுவிடலாம். பூ என்று ஒருவர் கூற, மற்றவர் பூவை என்று வளர்க்கின்றார் என்க. இஃது இரண்டாம் வேற்றுமை என்று ஒருவர் மறுப்பார். நாகணவாய்ப் பறவையின் பெயர் என்று மற்றவர் நிலைநாட்டுவார். நடுவர் இல்லாத இருவர் ஆட்டத்தில் இவ்வழக்குத் தீராது. தலைப்பகுதியில் கூட்டுமிடத்துப் புதிய சொல்லே தோன்றுதலின் இவ்வழக்குப் பெரும்பாலும் எழாது.

மூன்றாவது, எண்ணிக்கையின் தெளிவு. மலர் என்பது மூன்றெழுத்து. அதன் இறுதியில் ஐகாரம் வந்து சேர மலரை என்றாகின்றது. ஓர் எழுத்துச் சேர்ந்த பின்னும் எழுத்து மூன்றே. உடலின்மேல் உயிர் வந்து ஒன்றுதலால் விளைந்த நிலை இது. தலைப்பகுதியில் உயிர்மெய்யைக் கூட்டினால் எழுத்து ஒன்று கூடுதல் ஒருதலை. ஒவ்வொன்றாக வளர்தல் என்னும் இலக்கணம் பிழையாது நிற்பது இங்கேயாம்.

இறுதியில் வளரும் சொற்கள் தமிழில் இல்லையென்பது எம் கருத்தன்று. கா, காவி, காவிரி என்பன இறுதியில் வளர்ந்து, ஒவ்வொரு நிலையிலும் சொல்லாக நிற்றலைக் காண்கின்றோம். இங்ஙனம் வாய்ப்பவை அழகியவையே எனினும், விதியாகக் கொண்டு ஆடத்தக்கது தலைவளர்ச்சியே என்பதே யாம் கூற வந்தது.

ஆட்டத்தின் தொடக்கமும் முடிவும்

ஆங்கிலம் பேசுவோர் ‘கோஸ்ட்’ என்னும் பெயரால் ஆடும் ஓர் எழுத்தாட்டம் உண்டு. ஒருவர் ஓர் எழுத்தின் பெயரைக் கூற, மற்றவர் அடுத்த எழுத்தைக் கூற, முறைமாறி வளர்ப்பர். எவர் கூறிய எழுத்தால் ஒரு சொல் நிறைவுறுகின்றதோ அவர் தோற்றவராவர். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் 1951இல் எழுதிய கட்டுரை ஒன்று, எழுத்தை முன்னும் பின்னும் கூட்டி ஆடும் இதன் கடிய வகையைப் பற்றியது. அவ்வாட்டத்தில் சொல் நிறைவுறாமற் காப்பதே திறம்.

தமிழில் இவ்விதி நடவாது. நன்னூலார் கணக்கின்படி ஓரெழுத்தொருமொழிகள் 42. ஆ, ஈ, கை, தீ, பூ, மா, வை என முதல் எழுத்தைக் கூறிய அளவிலேயே சொல் நிறைவுற்றுவிடும். ஆட்டம் தொடங்குமுன்னரே ஒருவர் தோற்றுவிடுவார். தமிழ் எழுத்து வருத்தனம் இதற்கு நேர்மாறான விதியை உடையது. ஒவ்வொரு நிலையும் சொல்லாக நிறைவுறுதல் வேண்டும். நிறைவுறச் செய்ய இயலாதவரே தோற்றவர். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. எழுத்துகளின் பெயர்களை அடுக்கிக் கூறினாலும் சொல்லின் ஒலி பிறவாது. தமிழில் க, வி, தை என மூன்றெழுத்தையும் அடுத்தடுத்துக் கூறிய அளவில் சொல் முழுவதும் செவியில் விழுகின்றது. எழுத்தெழுத்தாகப் பேசி ஆடுதற்குத் தமிழ் எத்துணைப் பொருந்திய மொழி என்பது இதனால் விளங்கும்.

மாணவர் பொருட்டு யாம் அமைத்த இரு தொடர்களைக் கொண்டு ஆட்டத்தின் போக்கைக் காட்டுவாம். தை என்பது திங்கள். அதன்முன் வி கூட்ட விதை. அதன்முன் க கூட்டக் கவிதை. மற்றொன்று: கை என்பது உறுப்பு. அதன்முன் வ கூட்ட வகை. அதன்முன் உ கூட்ட உவகை. இவ்விரு தொடர்களும் மும்மூன்று நிலைகளை உடையனவாயினும் ஒரு வேறுபாடு உண்டு. கவிதை என்பதன்முன் இன்னும் ஓர் எழுத்தைத் தேடலாம். சொல் கிடைப்பின் ஆட்டம் தொடரும். உவகை என்பதன்முன் எதனையும் தேடுதல் வீண். உயிரெழுத்துத் தன் வடிவில் மொழிக்கு முதலில் நிற்குமேயன்றி, அளபெடை ஒழிந்த இடத்து மொழிக்கு இடையில் நில்லாது. எனவே உயிரை முன்வைப்பவர் எதிர்நிற்பவர் வழியை அடைத்துவிடுகின்றார். இலக்கணம் அறிந்தவர்க்கு இது வெற்றிக்குரிய வழி; அறியாதவர் சொற்பெருக்கம் உடையவராயினும் தோற்பர்.

எழுத்தை நீக்கி ஆடுமிடத்தும் மொழிமுதல் விதியே ஆட்சி செய்கின்றது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. ஆதலின் கடல், மரம், வளம், நிழல் போலும் சொற்களை முதலெழுத்து நீக்கி ஆட இயலாது. நீக்கிய அளவில் எஞ்சுவது சொல்லாகாது. இரண்டாம் எழுத்தைக் கேட்ட அளவிலேயே இச்சொல் ஆடத்தகும், இச்சொல் ஆடத்தகாது என்று துணியலாம். மொழிமரபில் நூற்பாவாகக் கற்பது ஆட்டத்தில் வழியாக வந்து நிற்கின்றது.

இரண்டு தடைகள்

எம் கருத்திற்கு எதிராக எழக்கூடிய தடைகள் இரண்டு. முதலாவது, எழுத்து வருத்தனத்தில் உயிர்மெய் பிரிக்கப்படாது ஓரெழுத்தாகக் கொள்ளப்படுகின்றது. அது வரிவடிவை நோக்கிய கணக்கு அன்றோ என்பது. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்திலும் உயிர்மெய்யே அலகு. ஒலியை மட்டும் நோக்கினால் மெய் முன்னும் உயிர் பின்னுமாகப் பிரிதல் வேண்டும். அங்ஙனம் பிரித்தால் பின்னிருந்து படிக்கும்பொழுது அதே ஒலி வாராது.

இதற்கு விடை செய்யுளியலில் கிடைக்கின்றது. கட்டளையடிகளுக்கு எழுத்தெண்ணுமிடத்து ஒற்றும் குற்றியலுகரமும் எண்ணப்பெறுவதில்லை. உயிரும் உயிர்மெய்யுமே எண்ணப்பெறும். வரிவடிவை நோக்கியதாயின் கண்ணுக்குத் தெரியும் ஒற்றினையும் குற்றியலுகரத்தையும் விலக்கக் காரணம் இல்லை. நிறைந்து ஒலிக்கும் உயிரையே செவி எண்ணுகின்றது. ஆகவே உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுதல் கண்ணின் கணக்கென்றே கொள்ள வேண்டுவதில்லை. அது செவியின் கணக்காகவும் தமிழில் நெடுங்காலம் வழங்கியதே. மாலைமாற்று கண்ணுக்கும் செவிக்கும் நடுவே நிற்பது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கின்றோம்.

இரண்டாவது தடை, இவை யாவும் வடமொழியிலிருந்து பெற்றவை என்பது. அக்கரச்சுதகம், வருத்தனம், வினாவுத்தரத்தின் பிற்பகுதி ஆகிய பெயர்கள் வடசொற்களே. யாப்பருங்கல விருத்தியில் வரும் பட்டியலும் வடநூல்களை நோக்குமாறு சுட்டுகின்றது. தண்டியலங்காரத்து விடைச்சொற்களான கநகம், நகம், கோகநகம் என்பனவும் வடசொற்களே. இவற்றை மறைப்பது ஆய்வு நெறியன்று. ஆயின் ஒரு விளையாட்டுப் பெயரோடு வந்து சேர்தல் வேறு. வந்த மொழியின் இயல்பிற்கேற்ப நடைபெறுதல் வேறு. முற்றியலுகரமும் குற்றியலுகரமும் வேறாகப் புணர்தலும், மொழிமுதல் வரையறையும், ஓரெழுத்தொருமொழியின் பெருக்கமும் தமிழுக்கே உரியன. விளையாட்டின் உயிர்நிலை இவற்றிலேயே உள்ளது.

முடிவுரை

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தை அறிந்தது ஓசையின் வழியாகவே. ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா என்னும் பெயர்களை நோக்குக. குறிலின் பெயரும் நெட்டொலியோடு தொடங்குகின்றது; ஆயினும் இறுதி வேறுபடுதலால் குறிலும் நெடிலும் மயங்குவதில்லை. காணா நிலையிலும் கேட்டே எழுத்தைப் பிரித்தறியும் ஏற்பாடு இது. உரக்கச் சொல்லி, மணலில் எழுதி, மீண்டும் சொல்லிப் பழகிய அச்சூழலில் எழுத்தாடல் புலவர் அவைக்கு மட்டும் உரியதாக இருந்திருக்க வேண்டுவதில்லை என்று கருதுதல் தவறாகாது. இஃது எம் ஊகமே; சான்று கிடைக்குங்காறும் ஊகமாகவே இருக்கும்.

ஓராண்டு யாம் தலை, மலை, பொன், தாமரை என்னும் நான்கு பொருளையும் கரும்பலகையில் எழுதி, ஓரெழுத்து வளரும் சொற்களைக் காணுமாறு கேட்டோம். வகுப்பு நெடுநேரம் வாளாவிருந்தது. பின்னர்ப் பலகையைத் துடைத்துவிட்டு, மாணவர் இருவரை எழுந்து நிற்கச் செய்து, ஒருவர் கேட்க ஒருவர் கூறுமாறு பணித்தோம். தலைக்குக் கம் என்னும் சொல் உண்டு என்பதை மட்டும் யாம் கூறினோம். நகம் என்று ஒருவர் கூறிய அளவில் கநகம் என்று மற்றவர் தொடர்ந்தார். கோகநகம் பின்வரிசையிலிருந்து எழுந்தது. ஒரு வகுப்பில் நிகழ்ந்ததைக் கொண்டு வரலாற்றை நிறுவ இயலாது. ஆயினும் கண்முன் எழுதிவைத்து விளக்கியபோது இறந்து கிடந்த ஒன்று, வாய்விட்டுச் சொன்னபோது உயிர்பெற்றதை யாம் கண்டோம். பல்லாண்டுகள் அதனைத் தவறான புலனுக்கு உரியதாகக் கற்பித்து வந்தோம் என்பதையும் அன்றே உணர்ந்தோம்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. சித்திரகவி என்னும் தொகுதி கண்ணுக்குரியது, செவிக்குரியது என இரண்டாகப் பகுத்து ஆராயத்தக்கது. எழுத்து வருத்தனமும் அக்கரச்சுதகமும் தலைப்பகுதியில் வளர்ந்து தேய்தல், அவை வாயாற் கூறி ஆடப்பட்டமைக்கு அகச்சான்றாகும். இவ்வாட்டத்தின் விதிகள் தமிழ் ஒலியிலக்கணத்தின் விதிகளே.

எஞ்சிய பணி ஒன்று உண்டு. ஊர்ப்புறங்களிலும் இல்லங்களிலும் முதியோர் நினைவில் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடும் ஆட்டங்கள் இன்னும் இருத்தல் கூடும். விடுகதைகளையும் பழமொழிகளையும் தொகுத்த அளவிற்கு இவற்றை நாம் தொகுத்தோமில்லை. நூலில் அச்சிட்டுக் காட்ட இயலாதது என்று இவற்றை விலக்கியதும் அதற்குக் காரணமாகலாம். கேட்டெழுதத்தக்க செவி இருக்கும்பொழுதே இவற்றைத் தொகுத்தல் வேண்டும். ஆய்வு மாணவர் இருவர் இருவராகச் சென்று, முதலில் ஆடிப் பழகிப் பின்னர் எழுதுவாராயின், அப்பணி இனிதும் ஆகும், முறையும் ஆகும்.